சிங்க் வேறு, பேக்கப் வேறு

லேப்டாப்பில் இடம் போதவில்லை என்று ஒருநாள் பழைய படங்கள் இருந்த ஃபோல்டரை அழித்தேன். எல்லாம் கிளவுடில் இருக்கிறதே என்ற தைரியம்தான். கொஞ்ச நேரம் கழித்து ஃபோனில் திறந்து பார்த்தால் அங்கேயும் காணோம். இத்தனை நாள் நான் பேக்கப், அதாவது தனியே பத்திரமாக இருக்கும் நகல், என்று நம்பியிருந்தது சிங்க். ஒரு கருவியில் நடப்பதை மற்ற எல்லாவற்றிலும் அப்படியே நடத்துவதுதான் அதன் வேலை. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். அந்தச் சேவையின் குப்பைத்தொட்டியில் படங்கள் இன்னும் இருந்ததால் மீட்க முடிந்தது. அன்றே ஆன்லைன் பேக்கப் சேவை ஒன்றில் சேர்ந்தேன்.

தொடக்கத்திலேயே ஒரு கேள்வி வந்தது: என்கிரிப்ஷன் சாவி (கோப்புகளைப் பூட்டித் திறக்கும் ரகசிய எழுத்துத் தொடர்) சேவையிடம் இருக்கட்டுமா, உங்களிடமா? கோப்புகள் லேப்டாப்பை விட்டுக் கிளம்பும் முன்பே பூட்டப்படுகின்றன. சாவி என்னிடம் மட்டும் இருந்தால் அவர்களாலும் திறந்து பார்க்க முடியாது. ஆனால் நான் தொலைத்துவிட்டால் யாராலும் மீட்டுத் தர முடியாது. நெடுநேரம் யோசித்து, நானே வைத்துக்கொள்வதாக முடிவு செய்தேன். சாவியை இரண்டு தாள்களில் எழுதி வெவ்வேறு இடங்களில் வைத்தேன். அதை லேப்டாப்பிலேயே சேமிப்பதில் பயனில்லை. லேப்டாப் போனால் சாவியும் அதோடு போய்விடும்.

அப்புறம் முதல் பேக்கப். மொத்தம் 180 ஜிபி. இணைய வேகம் 100 எம்பிபிஎஸ் என்றாலும் அது டவுன்லோடுக்கு, அப்லோடு 10தான். அதுவும் நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற பிட் கணக்கு, எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். கணக்குப் போட்டால் இடைவிடாமல் ஓடினாலே 40 மணி நேரம். இரவில் மட்டும் ஓடவிட்டதால் ஐந்து நாள் ஆனது. லேப்டாப் தானாகத் தூங்கிவிடாதபடி செட்டிங்கை மாற்ற வேண்டியிருந்தது. முதல் முறைதான் இந்தப் பாடு. அதன் பிறகு மாறியதும் புதிதாக வந்ததும் மட்டும் ஏறுகின்றன. சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. இதை இன்கிரிமென்டல் பேக்கப் என்கிறார்கள்.

ஒரே கோப்பின் பழைய வடிவங்களையும் வைத்திருக்கும் வெர்ஷன் வசதியை நான் முதலில் பெரிதாக நினைக்கவில்லை. வரவுசெலவு ஷீட்டில் ஒரு பத்தியை அழித்து, கவனிக்காமல் சேவ் செய்த நாளில்தான் அதன் அருமை தெரிந்தது. முந்தைய நாளின் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தேன், பத்தி திரும்ப வந்தது. எத்தனை நாள் பழையதுவரை வைத்திருப்பார்கள் என்பது சேவைக்குச் சேவை மாறும். சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, எல்லாம் முடிந்தது என்றுதான் இருந்தேன். இருந்தாலும் ஒருமுறை ரீஸ்டோர் செய்து பார்ப்போம் என்று வேறொரு கணினியில் சில ஃபோல்டர்களை இறக்கினேன். சாவியைத் தாளைப் பார்த்தே தட்டினேன். படங்கள் திறந்தன, ஆவணங்களும் திறந்தன. குழந்தையின் முதல் வருட வீடியோக்கள் மட்டும் எங்குமே இல்லை. அவை இருந்தது வெளி ஹார்ட் டிஸ்க்கில். பேக்கப் பட்டியலில் அதற்கு நேரே டிக் போடாமல் விட்டிருந்தேன். அன்று இரவே டிக் போட்டு, டிஸ்க்கைச் செருகி வைத்தேன். 14 ஜிபி ஏறி முடிந்த பிறகு அதில் ஒரு வீடியோவை இறக்கி, கடைசிவரை ஓடவிட்டுப் பார்த்தேன்.