ஃபேப்-ஐ நொதியும் டிரைகுளோசானும்: என் புராஜெக்ட் அனுபவம்

எம்.எஸ்சி. கடைசி செமஸ்டரில் எனக்குக் கிடைத்த தலைப்பு ஃபேப்-ஐ. ஈ.கோலை பாக்டீரியா கொழுப்பு அமிலம் கட்டும்போது, ஒவ்வொரு சுற்றின் கடைசிப் படியையும் முடித்துவைக்கும் நொதி இது. நம் உடலில் ஒரே பெரிய புரதம் எல்லாப் படிகளையும் பார்த்துக்கொள்கிறது. பாக்டீரியாவில் படிக்கு ஒரு நொதி. அதனால்தான் நமக்குச் சேதமில்லாமல் கிருமியை மட்டும் அடிக்கலாம் என்கிறார்கள். 1952 முதல் காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோநியசிட் தாக்குவதும் இதே குடும்பத்து இன்ஹா நொதியைத்தான். அந்த இலக்கு 1994இல்தான் அடையாளம் காணப்பட்டது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

நொதியைப் பிரித்தெடுப்பதில் சிரமமில்லை. புரதத்தைப் பிடித்துவைக்கும் நிக்கல் நிரப்பிய குழாயில் (column) நன்றாக ஒட்டியது. புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் 28 கிலோடால்டன் (மூலக்கூறு எடை அலகு) அருகே தடித்த பட்டை. பொறுமையைச் சோதித்தது அளவீடுதான்.

நொதி வேலை செய்தால், அதற்கு ஹைட்ரஜன் தரும் துணைப்பொருளான என்ஏடிஹெச் என்ஏடி+ ஆக மாறித் தீரும், 340 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் குறையும். நொதி மாற்ற வேண்டிய மூலப்பொருளான குரோட்டனைல்-கோஏ சேர்த்ததும் திரையில் கோடு நேராகச் சரிந்தது. சரி, இனி இந்த நொதியைத் தடுக்கும் டிரைகுளோசான். சோப்பிலும் பற்பசையிலும் கலக்கப்பட்டு வந்த அதே பொருள். அதைச் சேர்த்தும் தொடக்கத்தில் கோடு பழைய சரிவிலேயே இறங்கியது. அப்புறம் மெல்ல வளைந்து, கிட்டத்தட்டப் படுத்துவிட்டது.

டிரைகுளோசான் இறுகப் பிடிப்பது என்ஏடி+ அமர்ந்திருக்கும் நொதியை. வினை நடந்து என்ஏடி+ சேரச் சேரத்தான் பிடி விழும். ஆரம்ப வேகத்தை மட்டும் பார்த்தால் நல்ல தடுப்பான்கூட மட்டமாகத் தெரியும். நொதி, என்ஏடி+, டிரைகுளோசான் மூன்றையும் முன்பே கலந்து சற்று நேரம் வைத்துவிட்டு வினையைத் தொடங்கினால் உண்மையான பலம் தெரிகிறது. இன்னொன்று: குவெட்டில் (அளவீட்டுக்கான சிறு கண்ணாடிக் குப்பி) நொதி 50 நானோமோலார் என்றால், ஐசி50 எண், அதாவது நொதி வேகத்தைப் பாதியாக்கும் மருந்தளவு, 25க்குக் கீழே போகாது. பாதி நொதியை முடக்கவே அவ்வளவு மூலக்கூறு வேண்டுமே. மருந்து எவ்வளவு வீரியமானாலும் எண் அங்கேயே நிற்கும். நொதியைக் குறைத்துத்தான் பார்க்க வேண்டும்.

என்ஏடிஹெச் கரைசலை அன்றன்றைக்குப் புதிதாகப் போடுங்கள். மருந்தைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ அளவு எல்லாக் குவெட்டிலும், மருந்தில்லாத கன்ட்ரோலிலும் ஒன்றாகவே இருக்கட்டும்.

வைவாவில், நிமோனியா உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸை டிரைகுளோசான் கொல்லுமா என்று கேட்டார்கள். அதில் ஃபேப்-ஐ கிடையாது. அதே படியை ஃபேப்-கே என்ற வேறொரு நொதி செய்கிறது, டிரைகுளோசானுக்கு அது மசியாது. சூடோமோனாஸ் ஏருஜினோசாவில் ஃபேப்-ஐ இருந்தாலும் கூடவே அதே வேலையைச் செய்யும், டிரைகுளோசானுக்கு மசியாத ஃபேப்-வி இருப்பதால் தப்பித்துக்கொள்கிறது. இந்தத் தலைப்பை எடுப்பவர்கள், எந்தக் கிருமியில் எந்த நொதி என்பதை முதல் வாரமே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.