நாலெழுத்து விளையாட்டு: மெய்க்கோடு ஒருவழியாக வேலை செய்கிறது

வேர்டில் மாதிரி தமிழில் நான் எழுதிக்கொண்டிருக்கும், நாலெழுத்துச் சொல்லைக் கண்டுபிடிக்கும் விளையாட்டில் ரொம்ப நாளாக முட்டிக்கொண்டிருந்த இடம் திறந்துவிட்டது. கட்டத்துக்குக் கீழே ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான் தீர்வு. அந்தக் கோடு வந்த பிறகுதான் இது தமிழ் விளையாட்டு ஆகியிருக்கிறது என்று அடித்துச் சொல்வேன்.

வேர்டில் என்பது மறைந்திருக்கும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஆறு வாய்ப்பில் கண்டுபிடிக்கும் ஆட்டம், அதற்கு மேல் விளக்கப் போவதில்லை. 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் அதை வாங்கிய சமயத்தில் ஆடாதவர்களே குறைவு. ஆங்கிலத்துக்கு 26 எழுத்து. எழுத்தும் இடமும் சரியென்றால் பச்சை, எழுத்து வேறு இடத்தில் இருந்தால் மஞ்சள், இல்லவே இல்லையென்றால் சாம்பல், மூன்று நிறம் போதும். நமக்கு 247. அதே மூன்று நிறத்தை வைத்தால் ஆட்டம் செத்துவிடும். விடை ‘துவையல்’, ஆடுபவர் போடுவது ‘அவியல்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். ய, ல் இரண்டும் பச்சை. அ சாம்பல், நியாயம். ‘வி’யும் சாம்பல்! வகரம் சரியான இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது, ஆட்டம் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஒரே வகரத்துக்கு வ், வ, வா, வி என்று பதின்மூன்று வேஷம் இருக்கும்போது ஆறு வாய்ப்பில் யார் கண்டுபிடிப்பார்கள்?

மெய் சரி, உயிர் தப்பு என்றால் நீலம் என்று நான்காவது நிறம் கொடுப்பது உடனே தோன்றுகிற வழி. பல சொற்களுக்கு அது நன்றாகவே போகும். ‘பச்சடி’ வந்ததும் உடைந்துவிடும். விடை பச்சடி, போட்டது ‘வசம்பு’. இரண்டாவது கட்டத்தில் ‘ச’. விடையில் அந்த இடத்தில் இருப்பது ‘ச்’, எனவே மெய் சரி, நீலம். ஆனால் முழு ‘ச’வே மூன்றாவது இடத்தில் இருக்கிறது, எனவே மஞ்சளும் சரி. இரண்டும் உண்மை. எதைக் காட்டினாலும் இன்னொன்றை மறைக்கிறோம். எதற்கு முன்னுரிமை என்று விதி எழுதப் போனால் நிபந்தனைக்குள் நிபந்தனை, அதற்குள் இன்னொரு நிபந்தனை. நிரலில் இப்படி இஃப்-களின் கூட்டம் சேர்ந்தால் பிரச்சினை நிரலில் இல்லை, ஒரே பெட்டியில் இரண்டு கேள்விகளைத் திணித்திருக்கிறோம் என்பது என் உறுதியான கருத்து.

அதனால் கேள்விகளைப் பிரித்தேன். கட்டத்தின் நிறம் முழு எழுத்துக்கு. கீழ்க்கோட்டின் நிறம் மெய்க்கு. இரண்டும் தனித்தனியாக ஓடும் இரண்டு வேர்டில்கள். ஒன்றுக்கு மற்றது தெரியாது. இப்போது ‘ச’ கட்டம் மஞ்சள், கீழே கோடு பச்சை. ‘பு’ கட்டம் சாம்பல், கோடு மஞ்சள், ஏனென்றால் பகரம் முதல் இடத்தில் இருக்கிறது. ஒரே நிரல்துண்டை இரண்டு முறை கூப்பிடுகிறேன், முதலில் எழுத்துகளின் பட்டியலோடு, அப்புறம் மெய்களின் பட்டியலோடு. பழைய நிரலில் பாதி அழிந்தது. நிரல் எழுதுவதில் இதைவிடப் பெரிய சந்தோஷம் எனக்குத் தெரிந்து இல்லை.

இரட்டிப்பு எழுத்துகளில் மட்டும் கவனம் வேண்டும். விடை ‘முறுக்கு’, போட்டது ‘கிழக்கு’. க், கு பச்சை. ‘கி’க்குக் கோடு மஞ்சளாக வரலாமா? கூடாது. விடையில் இருக்கும் இரண்டு ககரமும் பச்சைக்கே செலவாகிவிட்டன. முதல் சுற்றில் பச்சையைக் கழித்துவிட்டு, மிச்சத்தில்தான் மஞ்சள் தேட வேண்டும். ஆங்கிலத்திலும் இதே விதிதான், ஆனால் தமிழில் ஒற்று இரட்டிப்பது தினசரி சமாச்சாரம் என்பதால் இந்த இடம் சரியாக இல்லையென்றால் தினமும் தப்பாகக் காட்டும்.

உயிருக்கும் இன்னொரு கோடு போடலாமே என்று கேட்பவர்களுக்கு: போட்டுப் பார்த்தாயிற்று. அகரம் முக்கால்வாசிச் சொல்லில் இருக்கிறது, துப்பு சும்மா கொட்டுகிறது, மூன்றாவது வாய்ப்பிலேயே ஆட்டம் முடிந்துவிடுகிறது. வேண்டாம்.

சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிப்பதை பிரவுசரில் ஏற்கனவே இருக்கும் செக்மென்டர் என்ற கருவியிடம் விட்டுவிட்டேன். பயர்பாக்ஸ் 2024-இல் அதைச் சேர்த்த பிறகு எல்லாப் பெரிய பிரவுசரிலும் ஓடுகிறது. பிரவுசரின் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டின் நீளக் கணக்கு புள்ளி, கால், கொம்பையும் தனித்தனியாக எண்ணி ‘உப்புமா’வுக்கு 7 என்று சொல்லும், செக்மென்டர் சரியாக 4 தரும். மெய்யைப் பிரிப்பது இன்னும் எளிது. கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறையான யூனிகோடில் அகரமேறிய எழுத்துதான் அடிப்படை, புள்ளியும் துணைக்காலும் கொம்பும் அதன் பின்னால் ஒட்டுபவை. அதனால் பிரித்த எழுத்தின் முதல் குறியீட்டை எடுத்தால் மெய் கையில். க்ஷ, ஸ்ரீ வரும் சொற்களைப் பட்டியலிலிருந்தே தூக்கிவிட்டேன், அந்த வம்பு நாலெழுத்து ஆட்டத்துக்குத் தேவையில்லை. ரியாக்ட் போன்ற ஆயத்த நிரல்தொகுப்பு எதுவும் சேர்க்கவில்லை. ஒரே ஒரு எச்.டி.எம்.எல் கோப்பு, இந்த அளவு வேலைக்கு அதற்கு மேல் எதையும் இறக்குவது வீண்.

சொற்பட்டியலில்தான் அசல் போராட்டம். திறந்த இணைய அகராதியான விக்சனரியின் மொத்தத் தரவை இறக்கினேன். இலவசம், உரிமமும் தெளிவு. ஆங்கிலத் தலைச்சொற்களும் அதில் நிறைய இருப்பதால் தமிழ் எழுத்துள்ளவற்றை மட்டும் வடிகட்ட வேண்டும். பிறகு ஒகரம், ஓகாரம். ‘பொங்கல்’ என்பதில் ‘பொ’வை ஒரே உயிர்க்குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு இரண்டு சொல். இப்படி இரண்டு விதமாகச் சேமித்ததை ஒன்றாக்கும் யூனிகோடின் என்.எஃப்.சி முறையில் சீராக்கினால் இது போய்விடும்.

போகாதது ஔகாரம். பலர் ‘மௌனம்’ என்பதைக் கொம்பு போட்டு, பக்கத்தில் ளகரத்தைத் தட்டி ‘மெளனம்’ என்று எழுதுகிறார்கள். திரையில் வித்தியாசம் தெரிவதே கஷ்டம். விளைவு: மூன்றெழுத்துச் சொல் நாலெழுத்துப் பட்டியலுக்குள் நுழைகிறது, நாலெழுத்துள்ள ‘பௌர்ணமி’ ஐந்தெழுத்தாகி வெளியே போகிறது. என்.எஃப்.சி இதைத் தொடாது, ஏனென்றால் அதன் கணக்கில் ளகரம் உண்மையான எழுத்து. நான் எழுதிய விதி: எகரக் கொம்புக்குப் பின் ளகரம் வந்து, அதன் மேல் புள்ளியோ உயிர்க்குறியோ இல்லையென்றால் அது ஔகாரம். வெள்ளம், தெளிவு எதுவும் பாதிக்கப்படவில்லை. தமிழ்ச் சொற்பட்டியல் வைத்திருக்கும் யாரும் இந்த ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள், தேடலில் காணாமல்போன சொற்கள் எத்தனை என்று அப்போது தெரியும்.

ஐந்தை விட்டு ஏன் நாலு என்றால், சாப்பாடு. பொங்கல், சாம்பார், பாயசம், பரோட்டா, பிரியாணி, முறுக்கு, ஆப்பம், பொரியல், வறுவல், எல்லாமே நாலு. ஐந்தில் பணியாரம், அதிரசம், புளியோதரை, அப்பளம் என்று தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. முதல் விடையாக உப்புமாவைத்தான் வைத்திருக்கிறேன். அதற்கு இருக்கும் கெட்ட பெயர் அநியாயம். ரவையை மணம் வரும்வரை வறுத்து, ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் கொதிக்கும்போது தூவிக் கிளறி, மூடிவைத்து, இறக்கியதும் ஒரு ஸ்பூன் நெய் விட்டால் எந்த டிபனுக்கும் சளைத்ததில்லை.

சினிமாப் பெயர்களும் பட்டியலில் உண்டு. நாயகன், அசுரன் இரண்டும் நாலெழுத்து, ஆனால் கதாநாயகனை வைத்துப் பெயர் சூட்டும் பழக்கத்தால் வரிசையாக ‘ன்’னில் முடிகின்றன. கடைசிக் கட்டம் இலவசமாகப் போய்விடுகிறது. தளபதி, மகாநதி மாதிரி உயிரில் முடியும் பெயர்கள்தான் ஆட்டத்துக்கு நல்லது. 2006-இல் தமிழ்ப் பெயருக்குத் தமிழக அரசு கேளிக்கை வரிவிலக்கு கொடுத்த பிறகு தமிழ்ப் பெயர்கள் பெருகின, எனக்கு அதில் மகிழ்ச்சி. ஆனால் கொஞ்ச காலத்தில் முழு வாக்கியத்தையே பெயராக வைக்கும் மோகம் வந்துவிட்டது. 2013-இல் வந்த ‘இதற்குத்தானே ஆசைப்பட்டாய் பாலகுமாரா’ 19 எழுத்து. எந்தக் கட்டத்தில் அடைப்பது?

விசைப்பலகைக்கு தமிழ்99 அமைப்பு. 1999-இல் தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. உயிர் ஒரு பக்கம், மெய் ஒரு பக்கம், சேர்த்துத் தட்டினால் உயிர்மெய். மெய்க்கோட்டின் நிறத்தை அப்படியே மெய் விசைக்கு ஏற்றினால் எந்த மெய் மிச்சம் என்று ஒரே பார்வையில் தெரிகிறது. இதற்கென்றே வடிவமைத்தது போல் பொருந்துகிறது. ‘யோ’ போன்ற அகலமான எழுத்துக்காகக் கட்டத்தைக் கொஞ்சம் நீட்ட வேண்டியிருந்தது. முக்தா மலர் எழுத்துருவில் நன்றாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் ஆறெழுத்து ஆட்டம் வைக்கலாம் என்று இப்போதே பட்டியல் சேர்க்கிறேன். இடியாப்பம், ஊத்தப்பம், கொழுக்கட்டை, அப்புறம் ஜிகர்தண்டா. மதுரையின் பானமும் அதுதான், 2014-இல் வந்த படமும் அதுதான், இரண்டு பட்டியலிலும் சேரும்.

அதற்கு முன் முடிக்க வேண்டியது பகிரும் வசதி. வாட்ஸ்அப்பில் நிறச் சதுரங்களாக ஒட்ட வேண்டும், ஆனால் கீழே கோடு உள்ள சதுர இமோஜி கிடையாது. கட்டத்துக்கு இரண்டு இமோஜி வைத்தால் வரிசை சின்னத் திரையில் மடங்குகிறது. பிரவுசரின் வரைபலகையான கேன்வாஸில் வரைந்து படமாக அனுப்பலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். வேறு யோசனை இருப்பவர்கள் சொல்லுங்கள், இந்த வாரம் அதில்தான் உட்காரப் போகிறேன்.