இன்னொரு தடவை போகலாமா?

"2பி வந்திருச்சு சார். நிறுத்திரலாமா, இன்னொரு தடவை போகலாமா?" என்று கூட நிற்பவர் கேட்பார். ஸ்ட்ரோக் வந்தவரின் மூளைத் தமனியிலிருந்து இழுத்த ரத்தக்கட்டி அதற்குள் காஸ் துணிமேல் கிடக்கும். பெரும்பாலும் பதில், "போதும்". அந்தப் 'போதும்' சரிதானா என்பதுதான் அப்புறம் குடைகிறது.

2பி என்பது குழாய் எவ்வளவு திறந்தது என்பதற்கான தரக்குறி: அடைபட்ட பரப்பில் பாதிக்கு மேல் ரத்தம் திரும்பிவிட்டது. 50 சதவீதமும் 2பிதான், 89 சதவீதமும் 2பிதான். சாயம் செலுத்திய படத்தில் தமனிகள் கறுத்து அடங்கியபின் திசுமேல் ஒரு மங்கல் பரவும். அதில் ஆப்பு வடிவில் வெளுப்பு நின்றால், எவ்வளவு பெரிது என்பதைவிட எங்கே என்பதே பேச்சு. கையை அசைக்கும் இடத்தில் சின்ன வெளுப்பே போதும், விரல்கள் மடங்காமல் போக.

நிறுத்தியதற்கு நியாயம் உண்டு. மிச்சக் கட்டி நிற்கும் நுனிக் கிளை மெலிது. கட்டியைப் பிடிக்கும் கம்பி வலையை விரித்து, கட்டி அதில் சிக்கச் சில நிமிடம் பொறுத்து இழுக்கும்போது கிளை கிழியலாம். துணுக்கு வேறு கிளைக்குத் தாவலாம். 2025இல் வந்த டிஸ்டல், எஸ்கேப்-மீவோ ஆய்வுகளிலும் சிறிய கிளை அடைப்புகளை இழுத்து எடுத்ததால் கூடுதல் பயன் தெரியவில்லை. ஆனால் அவை முதலிலேயே அங்கே அடைத்துக்கொண்டவர்களைப் பற்றியவை. பெரிய கட்டி உடைந்து ஓடியதைப் பற்றியவை அல்ல. அவற்றைச் சாட்சிக்கு இழுப்பது நமக்கு வசதி, அவ்வளவுதான்.

முழுசாகத் திறந்தாலும் எழாதவர்கள் உண்டு. 2015இல் வந்த ஐந்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், கட்டியை இழுத்து எடுக்கும் சிகிச்சை பெற்றவர்களில் 71 சதவீதம் பேருக்குக் குழாய் நன்றாகத் திறந்தது. 90ஆம் நாள் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்டவர்கள் 46 சதவீதம். சிலருக்குத் திறக்கும் முன்பே திசு செத்திருக்கும். வேறு சிலருக்குப் பெரிய குழாய் ஓட, நுண்குழாய்கள் இறுகி, வெள்ளணுக்களும் ரத்தத்தை உறையவைக்கும் நார்ப்புரதமான ஃபைப்ரினும் அடைத்து நிற்கும். திறந்த குழாய்க்குள்ளேயே கட்டியைக் கரைக்கும் ஆல்டிப்ளேஸ் மருந்தைக் கொஞ்சம் விட்ட சாய்ஸ் ஆய்வில் (2022) நன்றாகத் தேறியவர்கள் 59 சதவீதம், விடாதவர்களில் 40. சிறிய ஆய்வு, பாதியில் நின்றது. நம்பவும் தயக்கம், ஒதுக்கவும் தயக்கம்.

அடுத்தது ரத்த அழுத்தம். திறந்தபின் மேல் அழுத்தத்தை 120க்குக் கீழே இறக்கியவர்கள், 140–180இல் வைத்தவர்களைவிட மோசமானார்கள் என்று என்சான்டட்2 ஆய்வு காட்டியது. வெளுப்பு மிச்சமிருந்தால் பக்கத்துக் குழாய்கள்தான் அதற்குச் சோறு போடுகின்றன; அழுத்தம் சரிந்தால் முதலில் பட்டினி கிடப்பது அதுவே. ஐசியூவுக்குப் போகும் சீட்டில் '2பி' என்று மட்டும் இருந்தால், எந்தக் கிளை விடுபட்டது என்பது ராத்திரி அழுத்த மருந்தை ஏற்றி இறக்குபவருக்குத் தெரிய வழியில்லை.