தாமரைக்குப் பிறகு மல்லி பதியவில்லை

மாட்டுத்தாவணி பூச்சந்தையில் மாமா கமிஷன் கடை வைத்திருக்கிறார். பூ வரத்து விவரத்தை நோட்டில் எழுதாமல் கைப்பேசியிலேயே பதியட்டும் என்று, ஃபிளாஸ்க் என்ற பைத்தான் வலைச் சட்டகத்தில் ஒரு சின்னப் படிவம் செய்துகொடுத்தேன். நிரப்பியதைச் சரிபார்க்கும் வேலை, படிவங்களுக்கான பைத்தான் நூலகமான டபிள்யூடிஃபார்ம்ஸுடையது. மல்லியும் பிச்சியும் எடைக் கணக்கு. தாமரையோ எண்ணிக்கைக் கணக்கு. ஆகவே எந்தக் கட்டம் கட்டாயம் என்பது பூவுக்குப் பூ மாற வேண்டும்.

எடை, எண்ணிக்கை இரண்டுக்கும், காலியாக விடலாம் என்ற ஆப்ஷனல் விதியை வைத்தேன். தாமரை என்றால் எண்ணிக்கையின் வேலிடேட்டர்ஸ் (சரிபார்ப்பு விதிகள்) பட்டியலில், நிரப்பியே ஆக வேண்டும் என்ற இன்புட்ரிக்வயர்ட் விதியை அப்பெண்ட் செய்து கடைசியில் சேர்த்தேன். பலனில்லை, காலிக் கட்டத்தையும் வாங்கிக்கொண்டது. விதிகள் வரிசையாகத்தான் ஓடும். காலியாக இருந்தால் ஆப்ஷனல் அங்கேயே ஓட்டத்தை நிறுத்திவிடும். வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டால் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு என்ன வேலை? இன்சர்ட் போட்டு முதல் இடத்தில் வைத்தேன். வேலை செய்தது. மாமாவிடம் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் விடியுமுன் போன். "மாப்பிள்ளை, மல்லிக்கு எத்தனை பூ என்று கேட்கிறது. நாலு கிலோவை உட்கார்ந்து எண்ணவா?"

வீட்டில் நான் பார்த்தபோது இந்தக் கோளாறு தலைகாட்டவே இல்லை. நிரலைத் திருத்திச் சேமிக்கும்போதெல்லாம் சோதனைக்கான டீபக் சர்வர் தானாக மறுபடி தொடங்கிக்கொண்டிருந்ததுதான் காரணம். நிரலைத் தொடாமல் தாமரையை நான்கு முறை பதிந்துவிட்டுப் பட்டியலை அச்சிட்டேன்: இன்புட்ரிக்வயர்ட் நான்கு, கடைசியில் ஆப்ஷனல் ஒன்று!

படிவத்தை வரையறுக்கும் வகுப்பில் (கிளாஸ்) எழுதிய அதே பட்டியல்தான் ஒவ்வொரு கோரிக்கையிலும் உருவாகும் படிவத்துக்குப் போகிறது, நகல் எடுப்பதில்லை. ஒரு படிவத்தில் நுழைத்தது சர்வர் ஓடும்வரை எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்கிறது. ஜாங்கோ என்ற இன்னொரு பைத்தான் சட்டகத்தில் பழகியவன் நான். அங்கே படிவத்துக்குப் படிவம் ஃபீல்ட்ஸ் (கட்டங்கள்) நகலாகவே வருவதால் இப்படிக் கைவைத்தாலும் தப்பித்துக்கொள்ளலாம். அந்தத் தைரியம்தான் இங்கே கவிழ்த்தது.

தீர்வு ஒரே வரி. பழைய பட்டியலைத் தொடாமல், இன்புட்ரிக்வயர்டை முதலிலும் பழையவற்றைப் பின்னாலும் வைத்த புதிய பட்டியலை அந்தப் படிவத்தின் எண்ணிக்கைக் கட்டத்தில் வேலிடேட்டர்ஸாகக் கொடுத்தேன். தாமரை, மல்லி, மறுபடி தாமரை என்று மாற்றி மாற்றிப் பதிந்தேன். மல்லி எண்ணிக்கை கேட்கவில்லை.

ஒரு குறை பாக்கி. கட்டாயம் என்ற குறி, கட்டம் உருவாகும்போதே அதன் ஃபிளாக்ஸில் (அடையாளக் குறிகள்) பதிந்துவிடுவதால், பிறகு சேர்த்த விதிக்காக உலாவி எச்சரிப்பதில்லை; சேமி பொத்தானை அழுத்திய பிறகே பிழை தெரிகிறது. பூவைத் தேர்ந்த உடனே காட்ட ஜாவாஸ்கிரிப்ட் எழுத வேண்டும். அதை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருக்கிறேன்.