குடும்பத்தோடு பெங்களூரு: கிராஃப்ட் பீருக்கு மதியச் சாப்பாட்டு நேரமே சரி

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு ஏறக்குறைய 90 கிலோமீட்டர். தர்மபுரிக்காரர்களுக்கு இன்னும் ஒரு 45. பள்ளி விடுமுறை விட்டால் லால்பாக், விசுவேசுவரய்யா அருங்காட்சியகம், பன்னேர்கட்டா என்று குடும்பமாகக் கிளம்பிவிடுகிற ஊர்கள் நம்முடையவை. நம் பக்கம் 2003 முதல் சில்லறை மது விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில். அங்கே கிடைக்கும் பீர் பெரும்பாலும் பெரிய ஆலைகளின் பாட்டில் லாகர்தான், அதாவது வெளிர் நிறத்தில் லேசாக இருக்கும் வழக்கமான பீர். காய்ச்சிய கட்டடத்திலேயே தொட்டியிலிருந்து நேராகக் குழாய்க்கு வரும் கிராஃப்ட் பீரைச் சுவைக்க நமக்குப் பக்கத்து ஊர் பெங்களூருதான். பயணத்தில் அதற்கும் கொஞ்சம் நேரம் ஒதுக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் பெயர்பெற்ற ப்ரூவரியை, அதாவது பீரைக் காய்ச்சி அங்கேயே பரிமாறும் உணவகத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, குழந்தைகளையும் பெரியவர்களையும் ஊரின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு இழுத்துக்கொண்டு போவதுதான் எல்லாச் சண்டைக்கும் ஆரம்பம். தலைகீழாகச் செய்யுங்கள். மதியம் 12 மணிக்குப் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள் என்று குறித்துக்கொண்டு, அங்கிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் எந்த ப்ரூவரி இருக்கிறது என்று பாருங்கள். பெங்களூருவில் இந்தக் கணக்கு பெரும்பாலும் ஒத்துவரும்.

காலையில் கப்பன் பார்க்கும் கஸ்தூர்பா சாலை அருங்காட்சியகமும் என்றால், மதியத்துக்கு மக்ராத் சாலையில் உள்ள ஆர்பர். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஆன் ஆர்பர் நகரத்து ப்ரூவரியின் பெயரோடு 2012இல் வந்த இடம். ஆட்டோவில் சிறிது தூரம்தான். கடைவீதி சுற்றுகிறவர்களுக்கு இந்திராநகர் 100 அடி சாலையில் 2010 முதல் நடக்கும் டாய்ட். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். கூட்டம் அதிகம் என்பதால் பீர் தொட்டியில் தேங்குவதில்லை, புதிதாகவே வருகிறது. அதே கூட்டம்தான் அதன் குறையும்: ஞாயிறு மதியம் முன்பதிவில்லாமல் பிள்ளைகளோடு போய் வாசலில் நிற்காதீர்கள். சொந்தக் காரில் ஓசூர் வழியாக வந்து, நகருக்குள் நுழையவே விருப்பமில்லை என்றால், அத்திப்பள்ளியில் வலப்பக்கம் திரும்பி சர்ஜாபூர் வழியாக பிக் ப்ரூஸ்கிக்குப் போகலாம். பரந்த இடம், பிள்ளைகள் மூச்சுவிடலாம். ஆனால் இப்படித் திறந்தவெளியுள்ள இடங்களில் அலங்கார நீர்த்தொட்டிகள் இருக்கும், சின்னக் குழந்தை இருந்தால் கண் அங்கேயே இருக்கட்டும். ஒயிட்ஃபீல்டில் விண்ட்மில்ஸ் நல்ல இடம்தான். அந்தப் பக்கமே தங்கினால் மட்டும் போங்கள்.

மதிய நேரம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பகலில் இவை குடும்பங்கள் சாப்பிடும் உணவகங்கள். இரவு ஏழு, எட்டு மணிக்கு மேல் பாட்டுச் சத்தம் ஏறிவிடும். பல இடங்களில் வார இறுதி இரவுகளில் குழந்தைகளை உள்ளே விடுவதில்லை. வார நாளோ சனிக்கிழமையோ, 12 மணிக்கு உட்கார்ந்து இரண்டரைக்குள் எழுந்துவிடுவது நல்ல திட்டம். கிளம்புவதற்கு முன் தொலைபேசியில் நான்கு விஷயம் கேளுங்கள்: குழந்தைகளுக்கு எத்தனை மணி வரை அனுமதி, புகைபிடிக்கும் பகுதியிலிருந்து தள்ளி, மாடியேறத் தேவையில்லாத மேசை உண்டா, இல்லையென்றால் லிஃப்ட் உண்டா, தாமதமானால் மேசையை எவ்வளவு நேரம் வைத்திருப்பார்கள், இன்று டேப்பில் (பீர்க் குழாயில்) என்னென்ன பீர். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். இணையத்தில் போட்டிருக்கும் பட்டியலில் பாதி பெரும்பாலும் பழசு.

இரு மாநிலத்திலும் குடிப்பதற்கான வயது 21. இளமையாகத் தெரிகிறவர்கள் வயது தெரியும் அட்டை ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

உட்கார்ந்ததும் பெரிய கிளாஸ் கேட்காதீர்கள். சாம்ப்ளர் என்று கேட்டால் ஐந்தாறு வகையைச் சின்னச் சின்னக் கிளாஸில் கொண்டுவருவார்கள். இரண்டு பேர் பகிர்ந்துகொண்டால் போதும். எடுத்த எடுப்பில் கறுப்பானதில் கை வைத்தால் மற்றதெல்லாம் தண்ணீராகத் தெரியும். வெளிர் லாகர் அல்லது அதேபோல் லேசான ப்ளாண்ட், பிறகு கோதுமை பீர், அதற்குப் பின் கசப்பான ஐபிஏ, கடைசியில் கறுப்பான ஸ்டவுட் என்று போகவேண்டும். ஜெர்மன் முறைக் கோதுமை பீரில் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். இரண்டையும் யாரும் போடவில்லை, அந்த ஈஸ்ட் நொதிக்கும்போது தானே உண்டாக்குகிற மணம் அது. பெல்ஜிய முறைக் கோதுமை பீரான விட்பியரில் தனியாவும் ஆரஞ்சுத் தோலும் உண்மையாகவே போடுகிறார்கள். கசப்பு பிடிக்காதவர்களுக்கு இந்த இரண்டில் ஒன்றைத்தான் முதலில் கொடுக்கவேண்டும். ஸ்டவுட் மிகவும் சில்லென்று வந்தால் பத்து நிமிடம் மேசையில் விடுங்கள். வெளிர் லாகருக்கு 4 முதல் 6 டிகிரி குளிர் சரி. ஸ்டவுட்டின் காபி, சாக்லேட் மணம் 8 முதல் 12 டிகிரியில்தான் வெளியே வரும்.

கோடையில் மாம்பழ பீர் போடும் இடங்கள் உண்டு. அல்போன்சாவும் கிளிமூக்கும் கூழாகி வெளியூர் போகிற மாவட்டத்துக்காரர்கள் நாம், அதனால் ஆசையோடு வாங்குவோம், வாங்கியதும் ஏமாறுவோம். பழத்தின் சர்க்கரை கிட்டத்தட்ட முழுவதையும் ஈஸ்ட் தின்றுவிடும். மிஞ்சுவது மணமும் லேசான புளிப்பும்தான். இனிப்பாக இருந்தால் நொதித்து முடிந்த பிறகு கூழோ சிரப்போ சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். இனிக்காததைத்தான் நான் நல்லது என்பேன்.

பீர் கெட்டிருந்தால் மூக்கே சொல்லிவிடும். வெண்ணெய் தடவிய பாப்கார்ன் வாடை வந்தால் தொட்டியில் முதிர விடாமல் அவசரப்பட்டு எடுத்திருக்கிறார்கள். பச்சை ஆப்பிள் வாடையும் பெரும்பாலும் அதே அவசரம்தான். வேகவைத்த மக்காச்சோள வாடை என்றால் போதிய நேரம் கொதிக்கவிடவில்லை, அல்லது கொதித்த பின் மெதுவாக ஆறவிட்டிருக்கிறார்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாடை காற்றுப் பட்டதால் வருவது. வினிகர் புளிப்பு அடித்தால் குழாயைக் கழுவாததாக இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது கழுவவேண்டிய குழாய் அது. கிளாஸையும் பாருங்கள். உள்பக்கச் சுவரில் குமிழ்கள் ஒட்டிக்கொண்டு நின்றால் எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ மிச்சமிருக்கிறது, வேறு கிளாஸ் கேளுங்கள். வார நாளில் கடை திறந்ததும் போகிறவர்கள், அங்கே அதிகம் விற்கும் வகையையே முதலில் கேட்பது நல்லது. மெதுவாக விற்கும் வகையில் முதல் கிளாஸ் இரவெல்லாம் குழாயில் நின்ற பீராக இருக்கும். குறையைப் பணிவாகச் சொன்னால் நல்ல ப்ரூவரி மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுக்கும்.

இனி வண்டி. மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவின்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலுக்கு மேல் இருக்கக் கூடாது. முதல் முறை சிக்கினாலே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 70 கிலோ எடையுள்ள ஆண் 5 சதவீத பீரை 500 மில்லி குடித்தால் உள்ளே போவது சுமார் 20 கிராம் ஆல்கஹால். ரத்தத்தில் அது 40 மில்லிகிராம் அளவுக்கு ஏறும். ஒரே கிளாஸ், வரம்பு தாண்டியாயிற்று. எடை குறைந்தவர்களுக்கும் பெண்களுக்கும் இன்னும் கூடுதலாக ஏறும். உடல் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் குறைக்கும், இரண்டு கிளாஸ் என்றால் மூன்று மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கவேண்டும். சாப்பாடு, மோர், காபி எதுவும் இதை வேகப்படுத்தாது. 100 மில்லி வீதம் ஆறு கிளாஸ் சாம்ப்ளர் என்பது 600 மில்லி பீர் என்பதையும் கணக்கில் வையுங்கள். பிள்ளைகள் பின்சீட்டில் இருக்கும் வண்டியை ஓட்டுகிறவர் ஒரு சொட்டும் தொடக் கூடாது. இதில் நான் எந்தச் சலுகையும் தரமாட்டேன்.

காரை ஊரிலேயே விட்டுவிடுவது அதைவிட நல்லது. கிருஷ்ணகிரியில் ரயில் நிலையம் இல்லை. தர்மபுரியிலும் ஓசூரிலும் உண்டு. பேருந்தில் வருகிறவர்களுக்கு 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் தட மெட்ரோ பெரிய உதவி. எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் ஏறுவதற்கு முன்பே பொம்மசந்திரா வந்துவிடும். அங்கே நிற்குமா என்று ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பொம்மசந்திராவிலிருந்து ஆர்.வி. ரோடு, அங்கே பச்சைத் தடத்துக்கு மாறி மெஜஸ்டிக், பிறகு ஊதாத் தடத்தில் கப்பன் பார்க், எம்.ஜி. ரோடு, இந்திராநகர். இரண்டு முறை மாறவேண்டும் என்றாலும் சில்க் போர்டு நெரிசலில் குழந்தை அழுவதைவிட மேல்.

பில் வந்ததும் இரண்டு இடம் பாருங்கள். மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, உணவுக்கு மட்டும்தான். மதுவுக்கு வரி போடுவது மாநில அரசு. சர்வீஸ் சார்ஜ் கட்டாயமில்லை, எடுத்துவிடச் சொன்னால் எடுக்கவேண்டும்.

ப்ரூவரிக்குப் போக முடியாத குடும்பம் என்றால் கடையில் வாங்கி, அனுமதிக்கிற விடுதியாக இருந்தால் இரவு பிள்ளைகள் தூங்கியபின் அறையில் குடிக்கலாம். பெங்களூருவில் தனியார் ஒயின்ஷாப்புகள் தெருவுக்குத் தெரு உண்டு. குளிர்பெட்டி ஓடுகிற, உள்ளே நடந்து தேர்ந்தெடுக்க விடுகிற பெரிய கடையாகப் பாருங்கள். தயாரித்த தேதியைப் படியுங்கள். கோதுமை பீரும் ஐபிஏவும் மூன்று மாதத்துக்குள் இருந்தால் நல்லது. பாட்டிலைவிட கேன் மேல். பச்சை, வெள்ளை பாட்டிலில் வெளிச்சம் பட்டால் பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருள் சிதைந்து நாற்றமடிக்கும்.

அன்றைக்குக் குடிக்கிற அளவு மட்டும் வாங்குங்கள். மிச்சத்தை ஊருக்குக் கொண்டுவர நினைக்காதீர்கள். கர்நாடகத்தில் மட்டும் விற்பதற்கு என்று லேபிளிலேயே இருக்கும். தமிழ்நாட்டு வரி கட்டாத மது எல்லை தாண்டினால் மதுவிலக்குச் சட்ட வழக்கு. எல்லையில் ஜுஜுவாடி சோதனைச் சாவடியில் டிக்கியைத் திறக்கச் சொன்னால், பிள்ளைகள் முன்னால் பதில் சொல்லவேண்டியது நீங்கள்தான்.

நாள் குறிக்கும்போது ஒன்று. காலாண்டு விடுமுறையில் போகிறவர்கள் அக்டோபர் 2ஐத் தவிர்த்துவிடுங்கள். காந்தி ஜெயந்தியன்று இரு மாநிலத்திலும் மது விற்பனை கிடையாது. கர்நாடகத்தில் தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரமும் அப்படியே.