தோள் மாற்றும் நேரம்

காப்புரிமை கேட்டு வரும் விண்ணப்பத்தைப் படித்து, இதற்கு முன்னால் உலகத்தில் யாராவது இதைச் சொல்லியிருக்கிறார்களா என்று தேடி, இன்னின்ன காரணங்களால் தர இயலாது என்று ஆய்வாளர் எழுதும் முதல் அறிக்கைக்கு எஃப்இஆர் என்று பெயர். அந்த வேலையில் இருந்த வருடங்களில் நான் எழுதிய எஃப்இஆர்களில் பெரும்பாலானவை மறந்துவிட்டன. ஒன்று மறக்கவில்லை. அதில் தப்பு செய்தது நான்.

விண்ணப்பதாரர் யார், எண் என்ன என்பதெல்லாம் வேண்டாம். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். தலைப்பு ஏறக்குறைய இப்படி இருந்தது: 'மறுகட்டமைக்கக்கூடிய வாகன மின்னணுக் கட்டுப்பாட்டு அமைப்பு'. காப்புரிமைத் தலைப்புகள் எல்லாமே இப்படித்தான் இருக்கும். வெளியில் நின்று பார்ப்பவனுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியக்கூடாது என்பதற்காகவே வைத்த பெயர்கள்.

இந்த மாதிரி கோப்புகள் என்னிடம் வந்ததற்குக் காரணம் உண்டு. படிப்பு முடித்ததும் மூன்று வருடம் ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாக நிறுவனத்தில் இன்ஜின் கேலிப்ரேஷன் பார்த்தேன். இன்ஜின் இந்த வேகத்தில், இந்தச் சுமையில் ஓடினால் தீப்பொறி எத்தனை டிகிரி முன்னால் விழ வேண்டும், பெட்ரோல் எத்தனை மில்லிசெகண்ட் பீச்ச வேண்டும் என்று இசியுவுக்குள், அதாவது வண்டியின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள், அட்டவணைகள் இருக்கும். அவற்றை 'மேப்' என்போம். லேப்டாப்பைச் சொருகிக்கொண்டு அந்த எண்களை நாள் முழுக்கத் திருத்துவதுதான் வேலை. கார்களுக்கு இசியு பழைய சங்கதி. பாஷ் நிறுவனத்தின் மோட்ரானிக் 1979லேயே பிஎம்டபிள்யூ காரில் ஏறிவிட்டது. நம் ஊர் ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை கார்புரேட்டரை விட்டு இசியுவுக்கு மாறியது 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி கட்டாயமானபோதுதான். ஆக, நாகப்பூரில் காப்புரிமை ஆய்வாளர் பயிற்சி முடித்து வந்து உட்கார்ந்தபோது, வண்டியும் எலெக்ட்ரானிக்ஸும் சேர்ந்த கோப்பு என்றால் என் பக்கம் தள்ளுவது வழக்கமாகிவிட்டது.

'மறுகட்டமைக்கக்கூடிய' என்ற சொல் விண்ணப்பதாரர்கள் கையில் ரப்பர் மாதிரி. மேப்பில் நாலு எண்ணை மாற்றுபவரும் அதைத்தான் சொல்வார். மொத்த மென்பொருளையும் மாற்றி எழுதுபவரும் அதையே சொல்வார். இரண்டாவது சாதாரண விஷயமில்லை. 2018ல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை டெஸ்லா மாடல் 3 காரைச் சோதித்தபோது மணிக்கு 60 மைல் வேகத்திலிருந்து நிற்க 152 அடி தேவைப்பட்டது. டெஸ்லா காற்றுவழியாக ஒரு மென்பொருள் திருத்தம் அனுப்பியது. மறுபடி சோதித்தால் 133 அடி. பட்டறைக்குப் போகாமல், ஒரு நட்டைக்கூடக் கழற்றாமல் 19 அடி குறைந்தது.

மூன்றாவது வகைதான் உண்மையில் அந்தச் சொல்லுக்கு உரியது. மின்சுற்றே மாறுவது. ஜைலிங்ஸ் நிறுவனம் 1985ல் கொண்டுவந்த முதல் எஃப்பிஜிஏ சிப்பில் 64 தர்க்கத் தொகுதிகள்தான் இருந்தன. ஆனால் அவற்றை எப்படி இணைப்பது என்பதை வாங்கியவர் பிறகு தீர்மானிக்கலாம். வேண்டாமென்றால் கலைத்துவிட்டு வேறு மாதிரி இணைக்கலாம். பின்னால் வந்த சிப்களில் ஒரு பகுதி வேலை செய்துகொண்டிருக்கும்போதே இன்னொரு பகுதியை மட்டும் மாற்ற முடிந்தது. ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2000களின் முதல் பாதியில், காருக்குள் இருக்கும் சின்னச் சின்ன வசதிச் செயல்பாடுகளை ஒரே எஃப்பிஜிஏயில் தேவைக்கேற்ப ஏற்றி இறக்கிக் காட்டினார்கள். காரணம் எளிது. விலை உயர்ந்த காரில் இசியுக்களின் எண்ணிக்கை நூறைத் தொடுகிறது. எல்லாம் எல்லா நேரமும் வேலை செய்வதில்லை.

சரி, கோப்புக்கு வருகிறேன். முதல் கிளெய்ம், அதாவது 'இது எனக்கு மட்டும் சொந்தம்' என்று வேலி போடும் வாக்கியம், ஊரையே வளைத்தது: நிலையான ஒரு பகுதியும் மாற்றத்தக்க ஒரு பகுதியும் கொண்ட இசியுக்கள், அவற்றில் ஒன்று பழுதானால் இன்னொன்று அதன் கட்டமைப்புத் தரவை ஏற்றிக்கொண்டு அதன் வேலையைச் செய்யும். படித்ததும் சிரிப்பு வந்தது. நிலையான பகுதி கொஞ்சம், மாறும் பகுதி கொஞ்சம் என்று ஒரு கணினியை கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஜெரால்ட் எஸ்ட்ரின் 1960லேயே எழுதிவைத்துவிட்டார்.

எஸ்ட்ரினிடம் கார் கிடையாது என்பதால் தேடலைத் தொடர்ந்தேன். பி60ஆர் 16/02, ஜி06எஃப் 11/20 என்று வகைப்பாட்டு எண்களை வைத்துக்கொண்டு ஒரு முழு நாள். பக்கம் பக்கமாக ஜப்பானிய ஆவணங்கள், எல்லாம் இயந்திர மொழிபெயர்ப்பில். ஸ்டீயரிங்குக்கு ஜப்பானியர்கள் 'ஹேண்டில்' என்ற சொல்லைத்தான் தங்கள் மொழியில் வைத்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்பிலும் அது அப்படியே கைப்பிடியாக வந்து நிற்கும். ஸ்டீயரிங் என்று தேடுகிறவன் கடைசிவரை தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அனுபவப்பட்டிருந்ததால் கைப்பிடி என்று தேடினேன். மாலை நாலு மணிக்கு அகப்பட்டது. பல இசியுக்களுக்குப் பொதுவாக ஒரு மாற்று யூனிட். எது கெட்டாலும் அதன் நிரலை ஏற்றிக்கொண்டு அதன் இடத்தில் நிற்கும். முதல் மேற்கோள் ஆவணம் என்பதால் இது டி1. எஃப்பிஜிஏயின் ஒரு பகுதியை மட்டும் மாற்றுவது பற்றிய ஆய்வுக் கட்டுரை டி2. இரண்டையும் கூட்டினால் கிளெய்ம் வந்துவிடுகிறது. துறை தெரிந்த எவருக்கும் வெளிப்படையானது, புதுமைப் படி இல்லை. முடிந்தது.

இதோடு 'மூணு கே'யும் போட்டேன். எங்கள் அலுவலகங்களில் இந்த இரண்டு எழுத்துக்கு உள்ள புகழ் வேறு எதற்கும் கிடையாது. காப்புரிமைச் சட்டம் 1970ன் பிரிவு 3(கே): கணித முறை, வணிக முறை, கணினி நிரல் தன்னளவில், அல்காரிதம் ஆகியவை கண்டுபிடிப்புகள் அல்ல. 'தன்னளவில்' என்ற அந்த ஒட்டுச் சொல்லுக்காக எத்தனை சண்டை! 2004 கடைசியில் வந்த அவசரச் சட்டம், தொழிலில் பயன்படும் நிரலுக்கும் வன்பொருளோடு சேர்ந்த நிரலுக்கும் கதவைத் திறந்தது. 2005ல் நாடாளுமன்றம் அதைச் சாத்தியது. காப்புரிமை அலுவலகத்தின் 2016 வழிகாட்டி வன்பொருள் புதிதாக இருக்கிறதா பார் என்றது. 2017 வழிகாட்டி அந்த வரியை எடுத்துவிட்டது. 2019 டிசம்பரில் ஃபெரித் அல்லானி வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், நிரல் என்ற காரணத்துக்காக மட்டும் தள்ளாதே, தொழில்நுட்ப விளைவு இருக்கிறதா பார் என்றது.

இதில் எஃப்பிஜிஏ ஒரு தனி வேடிக்கை. அதற்குள் ஏற்றப்படும் பிட்ஸ்ட்ரீம், வெளியே இருக்கும்வரை ஒரு கோப்பு. மெயிலில் அனுப்பலாம். உள்ளே போனதும் அது மின்சுற்றாகிவிடுகிறது. வரிவரியாகப் படித்து நிறைவேற்ற அங்கே ஒரு செயலி இருப்பதில்லை. இது நிரலா, வன்பொருளா? மூணு கே என்று நாம் ஆட்சேபித்தால் காப்புரிமை முகவர் 'ஐயா, இது சர்க்யூட்' என்பார். சர்க்யூட் பழையது என்றால் 'உள்ளே ஏறும் தரவு புதிது' என்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கே அன்றைக்கும் இன்றைக்கும் ஒரே பதில் வருவதில்லை. அன்று, சந்தேகத்தின் பலனை எனக்கே கொடுத்துக்கொண்டு ஆட்சேபம் எழுதினேன்.

மொத்தம் பன்னிரண்டு கிளெய்ம்கள். ஒன்றாவதை மூன்று பக்கம் அலசியவன், மிச்சமுள்ளவற்றை 'டி1, டி2 மற்றும் பொது அறிவிலிருந்து வெளிப்படையானவை' என்று ஒரே வரியில் முடித்தேன். ஜப்பானியக் கைப்பிடியைப் பிடித்த பெருமை வேறு.

ஆறு மாதக் கெடுவுக்குள் பதில் வந்தது. ஒத்துக்கொள்ள முடியாது என்ற ரீதியில் வழவழ என்று ஒரு பதில். விசாரணைக்குப் போனது. விசாரிப்பவர் கன்ட்ரோலர், அதாவது முடிவெடுக்கும் அதிகாரி, எங்கள் மேடம். அவர் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. முந்தின நாள் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, டி1ல மாத்துறப்போ வண்டி ஓடுதா, நிக்குதா?"

எனக்குத் தெரியவில்லை. மூன்று வருடம் இன்ஜினோடு குடித்தனம் நடத்தியவனுக்கு அந்தக் கேள்வி தோன்றியிருக்கவில்லை.

இடத்துக்கு வந்து டி1ஐ மறுபடி படித்தேன். சாவியைத் திருப்பியதும் இசியுக்கள் தம்மைத் தாமே சோதித்துக்கொள்கின்றன. ஒன்று தேறவில்லை என்றால் மாற்று யூனிட் நிரலை ஏற்றிக்கொள்கிறது. அதன் பிறகே இன்ஜின் கிளம்புகிறது. நிற்கிற வண்டி. டி2வில் எந்த வண்டியும் இல்லை, ஆய்வகப் பலகை.

மறுநாள் காணொளியில் முகவருக்குப் பக்கத்தில் கண்டுபிடித்தவரும் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். முகவர் சட்டம் பேசி முடித்ததும் இவர் ஆங்கிலத்தில் ஆரம்பித்து, திணறி, தமிழுக்குத் தாவினார். மேடம் தடுக்கவில்லை.

"மேடம், 6,000 ஆர்பிஎம்ல ஒரு சுத்துக்குப் பத்து மில்லிசெகண்டுங்க. நாலு சிலிண்டர்னா அஞ்சு மில்லிசெகண்டுக்கு ஒருக்கா ஸ்பார்க் விழுகோணும். எஃப்பிஜிஏல புதுசா ஏத்துறதுக்கு அதைவிட நேரமாகுமுங்க. அந்த நேரத்துல ஸ்பார்க் யாருங்க குடுக்கறது?"

காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். சிப்பின் உள் வழி 32 பிட் அகலம், 100 மெகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 400 மெகாபைட். 4 மெகாபைட் பிட்ஸ்ட்ரீம் ஏற 10 மில்லிசெகண்ட். இரண்டு தீப்பொறி போச்சு. அதுவும் எல்லாம் கச்சிதமாக நடந்தால். வெளியே இருக்கும் மெமரியிலிருந்து மெதுவாக வந்தால் 100 மில்லிசெகண்டும் ஆகலாம். நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி அதற்குள் மூன்று மீட்டர் அளவுக்கு ஓடிவிடும்.

அவருடைய வழி இது. நிலையான பகுதியில் மிகச் சிறிய ஒரு சுற்று. மாற்றம் நடக்கும் அந்த நேரத்துக்கு மட்டும் கடைசியாகச் சரியாக இருந்த மதிப்புகளைத் திருப்பித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். பழுதான யூனிட் ஓடிக்கொண்டிருந்தபோது கற்று வைத்திருந்த திருத்தங்களின் நகல் பொது மெமரியில் அவ்வப்போது சேர்ந்துகொண்டே இருக்கும். புதிதாக வருகிறவர் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்காமல் அந்த எண்களை எடுத்துக்கொள்வார். பிறகு கிராங்க் தண்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று பார்த்து, இரண்டு தீப்பொறிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் பொறுப்பு கைமாறும்.

எனக்குத் திருவல்லிக்கேணி ஞாபகம் வந்தது. நான் வளர்ந்த ஊர். பெருமாள் புறப்பாட்டில் ஸ்ரீபாதம் தாங்கிகள் தோள் மாற்றுவதைச் சின்ன வயதில் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். கவட்டைக் கம்பை முட்டுக் கொடுத்து வாகனத்தை நிறுத்திவிட்டு ஆள் மாறுவது ஒரு வகை. அதை யாரும் செய்யலாம். போகிற போக்கில், நடை தப்பாமல், ஒருவர் நழுவ இன்னொருவர் தண்டுக்கடியில் தோளைக் கொடுப்பது வேறு. மேலே குடை அசையாது. டி1 கம்பு முட்டுக் கொடுத்த கதை. இவருடையது மற்றது. இரண்டுமே 'ஆள் மாற்றுவது'தானே என்று நான் எழுதியிருந்தேன்.

இதெல்லாம் விண்ணப்பத்தில் இருந்ததா என்றால், இருந்தது. விவரணத்தில் 47வது பத்தியிலும் ஒன்பதாவது கிளெய்மிலும். நான் ஒரே வரியில் தள்ளிய பதினொன்றில் ஒன்று.

விசாரணை முடிந்ததும் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். மேடம் திட்டவில்லை. "அவர் சொன்னதைப் படிச்சதுக்கப்புறம்தானே உங்களுக்கு அது சுலபமாத் தெரிஞ்சுது?" என்று மட்டும் கேட்டார். விடையைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடும் இந்தக் கோளாறைப் பற்றிப் பயிற்சியில் பாடமே நடத்தியிருந்தார்கள். பரீட்சையில் நன்றாக எழுதியதாகவும் ஞாபகம்.

அதற்காக முதல் கிளெய்மைத் தள்ளியது தப்பு என்று சொல்ல மாட்டேன். அதை அப்படியே கொடுத்திருந்தால், மாற்று இசியு வைக்க நினைக்கும் எந்தக் கம்பெனியும் அவரிடம் கை கட்டி நின்றிருக்க வேண்டும். தங்கத்தை 47வது பத்தியில் புதைத்துவிட்டு முதல் கிளெய்மில் பித்தளையைப் பளபளக்க வைத்தவர் யாரோ, அவருக்கும் இதில் பங்குண்டு. நிறைய கேட்டால் கொஞ்சமாவது கிடைக்கும் என்று எழுதுகிறார்கள். ஆய்வாளனும் பெரிய வேலியைப் பிடுங்கும் மும்முரத்தில் உள்ளே இருக்கும் செடியைப் பார்க்காமல் போய்விடுகிறான்.

ஒன்பதாவதை முதல் கிளெய்மோடு சேர்த்துத் திருத்திக் கொடுத்தார்கள். பிரிவு 59ன்படி ஏற்கெனவே போட்ட வேலியைக் குறுக்கலாம், நகர்த்தக் கூடாது. இது குறுக்கியதுதான். தீப்பொறி தவறவில்லை என்பதைவிடத் தெளிவான தொழில்நுட்ப விளைவு என்ன வேண்டும்? மூணு கேயும் போயிற்று. காப்புரிமை கிடைத்தது.

அதன் பிறகு எஃப்இஆர் எழுதும் முறையைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். கிளெய்ம்களைக் கடைசியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். நேரம் பிடிக்கும், மாதத்துக்கு முடிக்கும் கோப்புகளின் எண்ணிக்கை குறையும். குறைந்தது.

வேலையை விடுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு இதே துறையில் வெளிநாட்டு விண்ணப்பம் ஒன்று வந்தது. ஓடும் வண்டியில் இசியு மாற்றம், நிலைமதிப்புகளை ஒப்படைப்பது, எல்லாம் பழக்கப்பட்ட முகமாக இருந்தது. அந்தப் பழைய எண்ணைப் பதிவேட்டில் தட்டிப் பார்த்தேன். புதுப்பிப்புக் கட்டணம் கட்டாமல் காலாவதியாகியிருந்தது. வாங்க ஆள் கிடைக்கவில்லையோ, கட்டப் பணமில்லையோ, பதிவேட்டில் அதெல்லாம் இருக்காது. உரிமைதான் போயிற்றே தவிர, வெளியான ஆவணம் எங்கும் போகாது. புதிய எஃப்இஆரில் டி1 என்று போட்டு அதன் எண்ணை எழுதினேன். பக்கத்தில் பத்தி 47 என்றும்.