லெந்து (தபசுகால) நாட்குறிப்பு, பாளையங்கோட்டை

மார்ச் 9, ஞாயிறு

அம்மாவின் ரிப்போர்ட் இன்னும் வரவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

அண்ணன் போன் பண்ணினான். பாஸ்டருக்குக் கர்த்தரிடமிருந்து இன்னும் வார்த்தை கிடைக்கவில்லையாம், கிடைக்கிற வரைக்கும் ஆப்பரேஷனுக்குத் தேதி வாங்கக் கூடாதாம். கட்டி இருப்பது அம்மாவின் மார்பில். வார்த்தை அவருக்கு ஏன் வர வேண்டும்? சத்தம் போட்டேன். உடனே வேதாகமத்தில் சங்கீதம் 105ஐ எடுத்துவிட்டான். "நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும்..." பாஸ்டரைக் கேள்வி கேட்டால் எப்போதும் இந்த ஒரு வசனம்தான்.

ராத்திரி அந்தச் சங்கீதத்தை முதலிலிருந்து வாசித்தேன். யாரைத் தொடக் கூடாது என்று கர்த்தர் சொல்கிறார்? ஆபிரகாமை, ஈசாக்கை, யாக்கோபை. சொந்தமாக நிலம் இல்லாமல், கொஞ்சம் பேராக, பரதேசிகளாகத் தேசம் தேசமாகத் திரிந்தவர்கள். அவர்களுக்காக அவர் கடிந்துகொண்டது ராஜாக்களை. நாதியில்லாதவர்களுக்கு அரணாகக் கொடுத்த வசனம் அது. கேள்வி கேட்கிறவர்களின் வாயை அடைக்க அதை எடுத்துக்கொண்டார்களே என்று வயிறு எரிகிறது.

மார்ச் 12, புதன்

அம்மா காரச்சேவு கேட்டாள். வாங்கிக் கொடுத்தேன். பாதிகூடச் சாப்பிடவில்லை.

மார்ச் 14, வெள்ளி

ரிப்போர்ட் வந்துவிட்டது. இன்றைக்கு எழுத முடியாது.

மார்ச் 16, ஞாயிறு

ஆராதனையில் மனசு நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டாம் கொரிந்தியரைத் திறந்தேன். முதல் அதிகாரத்தின் கடைசி வசனம்: "உங்கள் விசுவாசத்திற்கு நாங்கள் அதிகாரிகளாயிராமல், உங்கள் சந்தோஷத்திற்குச் சகாயராயிருக்கிறோம்." எழுதுகிறவர் யார்? கொரிந்துவில் அந்தச் சபையை நட்ட பவுல். அதிகாரம் கேட்க ஒரு மனுஷனுக்கு நியாயம் உண்டென்றால் அவருக்குத்தான் உண்டு. அவரே வேண்டாம் என்று ஒதுங்கி நிற்கிறார்.

அண்ணனுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். பார்த்துவிட்டான். பதில் இல்லை.

மார்ச் 17, திங்கள்

அதே பவுல், தன் சரீரத்தில் இருந்த முள் நீங்க வேண்டும் என்று மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் போகவில்லை. இதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

பணத்துக்காகப் பிரகாசபுரம் போனேன். பெரியப்பா பணத்தைக் கொடுத்துவிட்டுச் சட்டாம்பிள்ளையின் கதையை ஆரம்பித்தார். பக்கத்து ஊரான நாசரேத்தின் மிஷனரியோடு முறித்துக்கொண்டு, 1857இல் இதே ஊரில் தனிச்சபை கண்டவர். வெள்ளைக்காரர் பணமும் வேண்டாம், அவர்கள் மேலாண்மையும் வேண்டாம், இயேசு மட்டும் போதும் என்று நின்றவர். கேட்கக் கேட்க எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அப்புறம் பெரியப்பா சொன்னார், அந்தச் சபைக்கு ஆராதனை நாள் சனிக்கிழமை, பழைய ஏற்பாட்டு முறைகள் பலதையும் எடுத்துக்கொண்டார்கள் என்று. மிஷனரியின் நுகத்தைக் கழற்றியவர்கள் மோசேயின் நுகத்துக்குள் போனார்களா? பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். அவர்களாக வேதத்தை வாசித்து, அவர்களாகக் கீழ்ப்படிந்தார்கள். நான் அப்படிச் செய்ய மாட்டேன். ஆனாலும் அதை அடிமைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மார்ச் 20, வியாழன்

அம்மா இன்னும் சரி என்று சொல்லவில்லை. "பொறு" என்கிறாள். டாக்டர் தள்ளிப்போட வேண்டாம் என்கிறார். நான் காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம், படுக்கும் முன்னால் ஒரு தரம் கேட்கிறேன். ரோமர் 14 தொண்டையில் சிக்கிக்கொண்டிருக்கிறது: மற்றொருவனுடைய வேலைக்காரனைக் குற்றவாளியாகத் தீர்க்கிறதற்கு நீ யார்? நின்றாலும் விழுந்தாலும் அவன் தன் எஜமானுக்கே உத்தரவாளி. பாஸ்டருக்கு அனுப்பலாம் என்று எடுத்த வசனம். வாசித்தால் என்னைத்தான் பார்க்கிறது. அம்மா யாருடைய வேலைக்காரி? என்னுடையவள் இல்லை. தேவனுடைய அதிகாரம் அவள்மேல் இருப்பதால்தான் வேறு ஒருவரும் அவள்மேல் ஏற முடியாது என்று அண்ணனிடம் வாதாடினேன். அந்த "வேறு ஒருவரும்" என்பதில் நானும் உண்டு. ஆனால் அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? கர்த்தாவே, அதை என்னால் தாங்க முடியாது.

பதினோரு மணிக்கும் லைட் எரிந்தது. எட்டிப் பார்த்தேன். பெரிய எழுத்து வேதாகமம் மடியில், ஒரு கம்பி உடைந்து நூல் கட்டிய கண்ணாடி, உதடு மட்டும் அசைகிறது. கேட்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

மார்ச் 21, வெள்ளி

கேட்கவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

அண்ணனும் மதினியும் வந்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் அம்மாவே பேச்சை எடுத்தாள். "ஆப்பரேஷன் பண்ணிக்கிடுதேன். பிழைச்சாலும் அவர் கை, இல்லன்னாலும் அவர் கை." அண்ணன், "பாஸ்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவமாம்மா?" என்றான்.

"சொல்லிக்கோ. கேக்க வேண்டாம். சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனேயில சீஷருங்க தூங்கிட்டுல்லா இருந்தாங்க. இயேசு தனியாத்தானே பிதாட்ட பேசினாரு."

அண்ணன் வெகு நேரம் தட்டிலேயே கோடு போட்டுக்கொண்டிருந்தான். எனக்கு அவன்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவனும் பயந்துதானே போயிருக்கிறான்.

மார்ச் 25, செவ்வாய்

வெள்ளிக்கிழமை காலை ஆப்பரேஷன். ரத்தத்துக்கு ஆள் பார்க்கச் சொன்னார்கள். அண்ணனுக்கும் அம்மாவுக்கும் ஒரே குரூப், வருகிறேன் என்றான். இன்னும் ஒருவர் வேண்டும்.